கனி தண்ணி கேட்டானா?

பானெட்டின் மேல் கையை வைத்ததும் சுரீர் என்றது. தவசிலிங்கம் கையை எடுக்கவில்லை. எடுத்துவிட்டால் அது எந்தச் சூடு என்று தெரியாமலே போய்விடும். வெயில் சூடு என்றால் மேலோடு நின்றுவிடும், எஞ்சின் சூடு என்றால் அடியிலிருந்து வந்துகொண்டே இருக்கும், ஐம்பதை நெருங்கும் ஒரு மனுஷனுடைய கைக்கு இந்த வித்தியாசம்கூடவா தெரியாது என்று வைத்தபடியே நின்றார். தெரியவில்லை. சூடு வெறும் சூடாகத்தான் இருந்தது. கோவில்பட்டியில் ஜூன் மாதத்து முன்பகலில் எதைத் தொட்டாலும் சுடும், இந்த வீட்டு கேட்டின் கொண்டியைத் திறந்தபோதே விரல் சுட்டது, அதனால் இது வெயிலாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் போன வாரம் அவருடைய ஜெராக்ஸ் கடைக்கு ஆர்.சி. புத்தகத்தைப் படியெடுக்க வந்த ஆள் ஒருவர் கேட்காமலே பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தார். பழைய கார் பார்க்கப் போனால் முதல் காரியமாக பானெட்டைத் தொட்டுப் பாருங்க, சுட்டால் அப்படியே திரும்பி வந்திருங்க, நாம வருமுன்னே ஓட்டிச் சூடேத்தி வச்சிருப்பான், ஆறின எஞ்சின் எப்படி இருமும்னு நமக்குத் தெரிஞ்சிரக் கூடாதுல்லா. அவர் சொன்னபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வெயிலைப் பற்றி அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. பக்கத்திலேயே வேப்பமரம் நிற்கிறது. நிழல் அந்தப் பக்கம் கிடக்கிறது, வண்டி இந்தப் பக்கம் நிற்கிறது. நிழலை விட்டுவிட்டு வெயிலில் ஒருவன் எதற்காக நிறுத்துவான்? சூட்டுக்கு வெயிலின் மேல் பழிபோடத்தான். இல்லை, காக்கை எச்சத்துக்குப் பயந்திருக்கலாம். இல்லை, விடியும்போது நிழல் இங்கேதான் இருந்திருக்கும், அதுதான் நகர்ந்திருக்கிறது, வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கிறது. நிழல் நகர்ந்ததற்கு யாரைப் போய்க் கேட்பது? கையை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கை சிவந்திருந்தது.

வண்டிக்காரர் ஞானதிரவியம் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டே படியிறங்கி வந்தார். ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர், ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், இனி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வந்தவர் வணக்கத்துக்கு அடுத்த வார்த்தையாக, "ஏசி வேலை செய்யாது அண்ணாச்சி, இப்பவே சொல்லிருதேன்" என்றார். "பின்னால இடப்பக்கக் கண்ணாடி இறங்கும், ஏறாது. அதனால இறக்கவே இறக்காதீங்க. இந்தக் கதவுல ஒரு கீறல் விழுந்துச்சு. நானே பெயிண்டைக் கலந்து அடிச்சேன். பச்சை கொஞ்சம் கூடிப்போச்சு." கூடித்தான் போயிருந்தது. வண்டி வெளிறிய பச்சை, அந்த ஒரு கதவு மட்டும் கிளிப்பச்சை. தவசிலிங்கம் தயாராகி வந்ததெல்லாம் பொய்க்கு. விற்கிறவன் வண்டி தங்கம் என்பான், நாம் உதட்டைப் பிதுக்க வேண்டும், அவன் சத்தியம் செய்வான், நாம் சிரிக்க வேண்டும், ராத்திரி முழுக்க மனசுக்குள் ஒத்திகை பார்த்தது அதைத்தான். இந்த மனுஷன் உண்மையைச் சொல்லிக் குழப்புகிறார். மூன்று குறையைத் தானாகச் சொல்கிறவர் நாலாவதை மறைக்கத்தான் சொல்கிறாரோ? அப்படிப் பார்த்தால் குறையே சொல்லாதவன் யோக்கியனா? டிராயிங் மாஸ்டர் ஒருவருக்குப் பச்சை கூடிப்போகுமா? கண் சரியில்லாததால் கூடியிருக்கும். கண் சரியில்லாதவர் ஓட்டிய வண்டி எங்கெல்லாம் போய் முட்டியிருக்குமோ! ஒரு சந்தேகத்தைத் தட்டி உட்கார வைத்தால் அடுத்தது எழுந்து நிற்கிறது, என்னடா இழவு இது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது அவருக்கு.

நல்லவேளையாக சண்முகக்கனி கூட வந்திருக்கிறான். கடைக்கு நாலு கடை தள்ளி அவனுடைய ஒர்க்‌ஷாப், இந்த ஊரில் ஓடுகிற பழைய கார்களில் பாதிக்கு அவன்தான் வைத்தியன். வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு காதுக்குள் சொல்லியிருந்தான்: "வீட்டுக்காரரை வச்சுக்கிட்டு வண்டி வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரே சொல்ல முடியாது அண்ணாச்சி. அவுக மனசு சங்கடப்படும். வண்டி சரியில்லன்னா நான் குடிக்கத் தண்ணி கேப்பேன். நீங்க உடனே வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதோம்னுட்டுக் கெளம்பிருங்க. நான் ஒண்ணும் கேக்கலன்னா வண்டி தேவலைன்னு அர்த்தம்." பிரமாதமான ஏற்பாடாகத்தான் அப்போது பட்டது. வீட்டுப்படி ஏறுகிறவனுக்குக் கேட்காமலே தண்ணீர் கொடுக்கிற ஊரில் பிறந்து வளர்ந்த இரண்டு ஆம்பிளைகளுக்கு, அந்த ஏற்பாட்டில் உள்ள ஓட்டை தெரியாமல் போனதுதான் அதிசயம். கனி ஸ்டெப்னி டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஞானதிரவியத்தின் சம்சாரம் ஒரு செம்பும் இரண்டு டம்ளருமாக வந்துவிட்டார். "வெயில்ல வந்துருக்கிய, முதல்ல குடிங்க." கனி டம்ளரைத் தொடவில்லை, செம்பையே வாங்கி அண்ணாந்து கடகடவென்று குடித்தான். தொண்டை ஏறி இறங்குவதைத் தவசிலிங்கம் பார்த்துக்கொண்டே நின்றார். இதற்கு என்ன அர்த்தம்? அவன் கேட்கவில்லை. கேட்காததால் வண்டி தேவலை. ஆனால் குடித்தான், அதுவும் செம்போடு குடித்தான், கேட்க வேண்டியதைக் கேட்க வாய்ப்பில்லாமல் போனதால் குடிப்பதைப் பெரிதாகச் செய்து காட்டினானோ? டயரைத் தவிர இன்னும் எதையும் பார்க்கவில்லையே, அதற்குள் எப்படி முடிவு செய்வான்? தாகம் எடுத்திருக்கும். தாகம் எடுத்தால் மனுஷன் தண்ணீர் குடிக்கமாட்டானா? கனியின் முகத்தைப் பார்த்தார். கனி மீசையைத் துடைத்துக்கொண்டு, "நல்ல தண்ணிம்மா, ஆத்துத் தண்ணியா?" என்று கேட்டான்.

திங்கட்கிழமை காலேஜ் திறக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் குழப்பம் கிடையாது. மகள் சுபாஷினிக்கு சீட் கிடைத்துவிட்டது, காலேஜ் பைபாஸைத் தாண்டி வெகு தூரத்தில் கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது, காலேஜ் பஸ்ஸின் முதல் படியே அவளுடைய வீல் சேரை விட உயரம். ஆட்டோவில் அவளை ஏற்றலாம், சேரை ஏற்ற முடியாது. சேர் இல்லாமல் அங்கே போய் என்ன செய்வாள்? கார் அமைந்தால் போவாள், அமையாவிட்டால் வீட்டிலிருந்து தபாலில் படிக்க வேண்டியதுதான். பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது அவளுக்கு. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது, அதனால் பிரச்சினை இல்லை, தினமும் காலையில் அவர் தள்ளிக்கொண்டு போனார், மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு போனார், சாயங்காலம் தள்ளிக்கொண்டு வந்தார். அவளுடைய முகத்தைவிட உச்சி வகிடுதான் அவருக்கு அதிகப் பழக்கம். முன்னே பார்த்துக்கொண்டே அவள் பேசுவாள், பின்னாலிருந்து இவர் ம் கொட்டுவார். வேகத்தடை வந்தால் அவள் சொல்லாமலே சேரைச் சாய்த்துப் பின்சக்கரத்தில் ஏற்றத் தெரியும் அவருக்கு. இதுதான் அவருக்குத் தெரிந்த வண்டி. இதில் எஞ்சின் கிடையாது, ஆயில் கிடையாது, எதையும் சூடேற்றி யாரையும் ஏமாற்ற முடியாது. சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்தார். மடக்கிய சேரின் அகலத்துக்குச் சரியாக அறுத்து எடுத்து வந்த நூல். டிக்கியைத் திறந்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பிடித்துப் பார்த்தார். நூலுக்கு மேல் கொஞ்சம் இடம் மிஞ்சியது. மிஞ்சியதும் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. நூல் இழுத்ததில் நீண்டிருக்குமோ என்று இன்னொரு தடவை பிடித்தார், நீண்டிருந்தால் இடம் கூடத்தானே செய்யும் என்பது பிறகுதான் உறைத்தது. நாம் எதைத் தேடுகிறோம் என்று ஒரு கணம் அவருக்கே பிடிபடவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது கனியைக் காணோம். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால், அவன் டிரைவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மண்ணில் முழங்கால் போட்டு, தலையை ஸ்டியரிங்குக்கு அடியில் விட்டிருந்தான். கால் வைக்கிற இடத்தில் அவனுக்கு என்ன வேலை? எஞ்சின் முன்னால் இருக்கிறது, சைலன்சர் பின்னால் இருக்கிறது, கிளட்ச்சை மிதித்துப் பார்க்க வேண்டுமானால் உட்கார்ந்து காலால் மிதிக்கலாம். கையால் அமுக்குகிறான். பிரேக்கை அமுக்குகிறான், விடுகிறான், அதற்கு மேலே கையை விட்டு எதையோ தடவுகிறான், விரலை விரித்து அளக்கிறான், செல்போன் வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கிறான். பானெட்டைத் திறந்தபோதுகூட இவ்வளவு நேரம் பார்க்கவில்லை, ஆயில் குச்சியை உருவித் துடைத்து முக்கிப் பார்த்து அப்படியே சொருகிவிட்டான். காலடியில்தான் ஏதோ இருக்கிறது. துரு அரித்து அடித்தகடு ஓட்டை விழுந்திருக்கும். மழைத் தண்ணீர் நின்ற வண்டியோ? எப்போதோ பேப்பரில் பார்த்த படம் நினைவுக்கு வந்தது, வெள்ளத்தில் கார்கள் கூரை மட்டும் தெரிய வரிசையாக நின்றன, அதெல்லாம் பிறகு காய வைத்துக் கழுவி விற்றுவிடுவார்களாம். இந்த வண்டி அங்கிருந்து இங்கே வந்திருக்குமா? மாஸ்டர் வாங்கியே எத்தனையோ வருஷம் ஆயிற்றாமே. அதுவும் மாஸ்டர் சொல்வதுதானே. பிரேக் ஒருநாள் பிடிக்காமல் போனால்? பைபாஸில் லாரிகள் வருகிற வேகம். பின் சீட்டில் அவள். எல்லாரும் கதவைத் திறந்து குதித்துவிடலாம், அவளால் முடியாது. அப்போது கனி தலையை வெளியே இழுத்து, முழங்கையில் மண்ணைத் தட்டிக்கொண்டு, உரக்க, "அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றான். கேட்டுவிட்டான். தவசிலிங்கம், வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லுதோம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் தண்ணீர் வந்தது. கனி அதை வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினான். மிச்சத்தில் கையைக் கழுவினான். திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் ஒரு கொட்டாவி விட்டார்.

"ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி" என்று ஞானதிரவியம் சாவியை நீட்டினார். லைசென்ஸ் வாங்கி வருஷம் ஒன்று ஆனாலும் டிரைவிங் ஸ்கூல் வண்டியைத் தவிர வேறொன்றை ஓட்டியதில்லை என்பதைச் சொல்லவா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் உட்கார்ந்தாயிற்று, மாஸ்டர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். செல்ப் ஒரு தடவை முனகியது, இரண்டாவதற்குப் பிடித்துக்கொண்டது. இது இருமலா? சூடான எஞ்சின் முனகுமா, ஆறின எஞ்சின் முனகுமா? முனகினால் ஆறியிருந்தது என்று அர்த்தம், அப்படியானால் மாஸ்டர் ஏமாற்றவில்லை, ஆனால் வண்டி முனகுகிறது. முதல் கியரில் தெருவுக்கு வந்தார். ஒரு கோழி குறுக்கே ஓடியது, நிறுத்தினார், பிரேக் பிடித்தது, பிடித்துவிட்டதே என்று இருந்தது அவருக்கு. பிடித்துவிட்டதே என்று ஏன் நினைக்க வேண்டும், பிடித்தது நல்லதுதானே? இரண்டாவது கியர். "கிளட்ச்சை விட்டுருங்க, காலை அதுமேலயே வச்சிருக்காதீங்க" என்றார் மாஸ்டர் சாந்தமாக. விட்டார். வண்டி மாவு மில்லைத் தாண்டி, பள்ளிவாசலைத் தாண்டி, ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. உள் கண்ணாடியை நிமிர்த்தினார். பின் சீட் தெரிந்தது. துடைத்து வைத்த, ஆளில்லாத சீட். திங்கட்கிழமை காலேஜ் கேட்டில் அவளை இறக்கிச் சேரில் உட்கார வைத்து, தள்ளப் போனால் அவள் நானே போய்க்கிடுதேன்பா என்பாள், அங்கே சாய்தளம் போட்டிருக்கிறார்கள், மொசைக் தரை, சக்கரம் தானாகவே உருளும். அவள் போய்விடுவாள். பிறகு இவர் வண்டியைத் திருப்ப வேண்டும். திருப்பிக்கொண்டு வரும்போது இந்தக் கண்ணாடியில் இந்த சீட் இப்படித்தான் தெரியும். கடையில் உட்கார்ந்து மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கு இல்லாமல் என்ன செய்வது? யாருடைய சாதிச் சான்றிதழையோ படியெடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் தவசிலிங்கத்துக்கு விளங்கியது, காலையிலிருந்து அவர் இந்த வண்டியில் தேடிக்கொண்டிருந்தது ஒரு சாக்கை. கனி தண்ணீர் கேட்க மாட்டானா என்றுதான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பெற்ற பிள்ளை வீட்டோடு கிடக்கட்டும் என்று நினைக்கிற தகப்பன் உண்டா? வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று தெரிந்தும் ஆசை போகவில்லை, அதுதான் இன்னும் மோசம். மூன்றாவது கியர் போட மறந்து வண்டி கத்திக்கொண்டு வந்ததை மாஸ்டர்தான் சொன்னார்.

திரும்பி வந்து நிறுத்தியதும் கனியை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "தண்ணி கேட்டியே, எந்தத் தண்ணி அது?"

"எந்தத் தண்ணி?" கனி விழித்தான். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். "அட, அதை நான் சுத்தமா மறந்துட்டேன் அண்ணாச்சி! ரேடியேட்டர்ல குறைச்சலா இருந்துச்சு, கேட்டேன். வண்டி ஓடும். பெரிய சீக்கு எதுவும் கிடையாது."

"பின்ன காலடில அவ்வளவு நேரம் என்னத்தைப் பாத்த? துருவா?"

கனி தரையைப் பார்த்தான். செருப்பால் ஒரு வேப்பங்கொட்டையை உருட்டினான். "கோவிச்சுக்கிடக் கூடாது. சுபா பாப்பா நேத்து எனக்குப் போன் போட்டுச்சு. கால் படாம கையாலயே பிரேக்கும் ஆக்சிலேட்டரும் அமுக்குத மாதிரி லீவர் இருக்குல்லா, திருநெல்வேலில ஒரு ஒர்க்‌ஷாப்புல மாட்டித் தாரான். கிளட்ச்சுக்கும் வழி இருக்கு. இந்த வண்டில அதை மாட்ட எடம் இருக்கான்னு பாக்கச் சொல்லிச்சு. அதான் பாத்தேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ஓட்டத்தான். அதுக்கு லைசென்ஸ்கூடத் தாராங்களாம், எல்லாம் விசாரிச்சு வச்சிருக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அப்பா வண்டியே வேண்டாம்னு சொல்லிருவாருன்னு சொல்லிச்சு."

தவசிலிங்கத்துக்குக் காது அடைத்ததுபோல் இருந்தது. ஒரு பெரிய லாரி போனது, அதன் சத்தம் எங்கிருந்தோ வந்தது. அவள் ஓட்டுவாள் என்றால் இவர் எங்கே இருப்பார் என்று யோசித்தார், அவளுக்குப் பின்னால் என்று பழக்கத்தில் பதில் வந்தது, காருக்குப் பின்னால் யாரும் நடந்துபோக முடியாது என்று உடனே தோன்றியது. வண்டியே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று எப்படித் தெரிந்தது அவளுக்கு? அவருக்கே இப்போது மாவு மில்லைத் தாண்டும்போதுதானே தெரிந்தது. எந்நேரமும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்த பெண், பின்னால் இருந்தவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்பதை எப்போது திரும்பிப் பார்த்தாள்? கோபம் வருகிறதா என்று பார்த்தார். கோபம் மாதிரிதான் ஏதோ வந்தது, வந்த பிறகு பார்த்தால் அது கோபமாக இல்லை. சைக்கிள் பழகுகிற பிள்ளையின் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி, எங்கோ ஓரிடத்தில் சொல்லாமல் கையை விட்டுவிடுகிற அப்பாக்களை அவர் தெருவில் பார்த்திருக்கிறார். தனக்கு அந்த வேலை கிடையாது என்று அந்தக் கணக்கை எப்போதோ மூடி வைத்தவர் அவர். போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அப்பா, வண்டி எப்படிப்பா இருக்கு?"

பச்சை என்று சொல்லலாமா, இரண்டு பச்சை என்று சொல்லலாமா, ஏசி இல்லை என்பதைச் சொல்லலாமா என்று பார்த்தார். "டிரைவர் சீட் பின்னால தள்ளுமான்னு பாக்கட்டுமா?" என்றார்.

லைன் போய்விட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், போகவில்லை.

"கனி மாமா சொல்லிட்டாரா?" குரல் சின்னதாகிவிட்டது.

"சேர்ல இருந்து மாறி உக்காரணும்லா. எடம் பத்தணும்." போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு டிரைவர் கதவைத் திறந்து, சீட்டுக்கடியில் கம்பியைத் தேடி இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி இன்னும் ஓங்கி இழுத்தார். சீட் கடகடவென்று பின்னால் போய் நின்றது. "ஒரு சாண் இருக்கும். கூடவும் இருக்கும்."

"போதும்ப்பா. போதும்." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பிடிபடவில்லை. "லீவர் மாட்டி, லைசென்ஸ் வர வரைக்கும் நீங்க ஓட்டுங்க. அப்புறம் கொஞ்ச நாள் நீங்க பக்கத்துல உக்காரணும். எனக்குப் பயமா இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் வேண்டாம்ப்பா" என்றாள்.

சரி என்றார். சரி என்றுதான் சொன்னோமா, ம் என்றோமா என்று வைத்த பிறகு சந்தேகம் வந்தது. ஞானதிரவியம் கறுப்புக் கண்ணாடியோடு படியிலேயே நின்றார், பக்கத்தில் அவருடைய சம்சாரம், இரண்டு பேரும் இவர் வாயையே பார்த்தார்கள். "முடிச்சிருவோம் மாஸ்டர்" என்றார் தவசிலிங்கம். "பேரு மட்டும் என் மக பேருக்கு மாத்தணும். அவதான் ஓட்டப் போறா." மாஸ்டர் ஏதோ கேட்க வாயெடுத்தார், கனி சாடை காட்டினான் போல, கேட்கவில்லை. தவசிலிங்கம் வண்டியைச் சுற்றிப் போய் முன்னால் இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். அங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் தூக்கி டேஷ்போர்டில் வைத்துப் பார்த்தார், சரியாக இல்லை, மடியில் வைத்துக்கொண்டார்.